துக்கம் காக்கும் உரிமை: வடசென்னைத் திருநங்கையர் மரபில் இறப்பும் இழப்பும்

ராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை கடலையொட்டி நீளும் நிலப்பகுதி, ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக வெளியூர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களால் நிரம்பிய பகுதியாகும். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரம் நிலையத்திலிருந்து புறப்பட்டது. அந்நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் செயற்கைத் துறைமுகம் எழுந்தது. நாடு விடுதலை பெற்றபின் எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை என அடுத்தடுத்து வந்த தொழிற்சாலைகள், சொந்த ஊரையும் உறவையும் விட்டுவந்த ஆயிரக்கணக்கானோருக்கு இங்கே வேலையும் வாடகைக்கு ஓர் அறையும் கொடுத்தன. அவ்வாறு வந்தவர்களுள், வறுமையால் மட்டுமன்றி வீட்டாரின் அடிக்கும் அவமதிப்புக்கும் தப்பி வந்தவர்களும் இருந்தனர். பிறப்பில் ஆண் எனக் குறிக்கப்பட்டு, தம்மைப் பெண்ணாக உணர்ந்து பெண்ணாகவே வாழும் திருநங்கையர் அவர்கள். வடசென்னையின் துறைமுகத் தொழிலாளர் வரலாறும் மீனவர் வரலாறும் ஓரளவு எழுதப்பட்டுள்ளன. இந்தத் திருநங்கையர் தம்முள் ஒருவர் இறந்தபோது எவ்வாறு துக்கம் காத்தனர், ஒருவரையொருவர் எவ்வாறு தாங்கிப் பிடித்தனர் என்ற வரலாறு மிகக் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது.

அந்த வரலாற்றை விளங்கிக்கொள்ள, வடசென்னையில் ஒரு சாவு எவ்வாறு நடக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது தேவை. இங்கே சாவு ஒரு வீட்டுக்குள் அடங்குவதில்லை, தெருவையே தனதாக்கிக்கொள்கிறது. வாசலில் பந்தல் போடப்பட்டு, வாடகை நாற்காலிகள் வரிசையாக இடப்பட்டு, கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டிக்குள் உடல் வைக்கப்படுகிறது. இரவு முழுவதும் மரண கானா பாடப்படுகிறது. இறந்தவரின் பிறப்பு, தொழில், குணம், நட்பு எல்லாவற்றையும் அந்த இரவிலேயே கட்டிப் பாடும் இப்பாடல் வகை, வடசென்னை உழைக்கும் மக்கள் தமக்கென வளர்த்தெடுத்த கலையாகும். விடிவதற்குள் தெருமுனைச் சுவர்களில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள் ஏறிவிடும். அவற்றில் இறந்தவரின் படமும் பெயரும் மட்டுமன்றி, அவரை இழந்து வாடுவோர் இன்னார் இன்னார் என்ற பட்டியலும் அச்சாகியிருக்கும். துக்கப்பட உரிமையுள்ளவர்கள் யார் என்பதை ஊரறிய அறிவிக்கும் பத்திரமாகவே அந்தச் சுவரொட்டியைக் கொள்ளலாம். எந்தப் பெயரில் ஒருவர் இறந்தார், யாருக்கு மகளாகவும் யாருக்குத் தாயாகவும் இறந்தார் என்பது அதில் தீர்மானமாகிறது. ஒரு திருநங்கையின் சாவில் சிக்கல் தொடங்கும் இடமும் அதுவே.

திருநங்கையர் வாழ்வு ஜமாத் எனப்படும் சமூக அமைப்புக்குள் நடைபெறுவது. வீட்டைவிட்டு வந்த ஒருவர், மூத்த திருநங்கை ஒருவரால் ஜமாத்தின் முன்னிலையில் மகளாக ஏற்கப்படும்போது, அவருக்கு ஒரு புதிய குடும்பம் முழுமையாகக் கிடைக்கிறது. ஏற்றுக்கொண்டவர் குரு, ஏற்கப்பட்டவர் சேலா, குருவின் குரு நானி, ஒரே குருவிடம் சேர்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் குருபாய், சேலாவின் சேலா நாத்தி சேலா. இந்தியாவெங்கும் பரவிய இந்த இந்துஸ்தானி உறவுப் பெயர்களோடு, தமிழ்நாட்டில் அம்மா, மகள் என்னும் தமிழ் உறவும் பின்னிப் பிணைந்துள்ளது. இளையவர் மூத்தவரைக் காணும்போது ‘பாம்படுத்தி’ என்று சொல்லி வணங்குவதும், மூத்தவர் ‘ஜியோ’ என வாழ்த்துவதும் இவ்வுறவின் அன்றாட அடையாளங்கள். கடைகடையாகச் சென்று காசு பெறும் ‘கடை கேட்டல்’ வருவாயில் ஒரு பங்கு குருவுக்குச் செல்லும். நோயிலும் வழக்கிலும் முதுமையிலும் காப்பது குருவுக்கும் மகள்களுக்கும் இடையே இருபுறமும் உள்ள கடமை. இவ்வமைப்பில் ஆதிக்கமும் தண்டமும் கடுமையும் இருந்ததைத் திருநங்கை எழுத்தாளர்களே மறைக்காமல் எழுதியுள்ளனர். ஆயினும் அடைக்கலம் தர வேறு எவரும் முன்வராத காலத்தில், சாகும் தறுவாயில் ஒருவர் வாயில் பால் ஊற்றும் கடமையை எடுத்துக்கொண்டது இவ்வமைப்பே.

குரு இறந்தால் சேலாக்கள் காக்கும் துக்கம், பெற்றோரை இழந்த துக்கமாக மட்டும் நடத்தப்படுவதில்லை. ஹைதராபாத் உள்ளிட்ட நகரங்களின் ஜமாத்துகளைப் பற்றிய இனவரைவியல் நூல்கள், குருவின் இறப்பு கைம்மைக்கு நிகராகக் கருதப்படுவதைப் பதிவு செய்துள்ளன. வளையலையும் பூவையும் பொட்டையும் களைந்து வெள்ளைப் புடவை உடுத்துவது, தொழிலுக்குச் செல்லாமல் வீட்டில் இருப்பது, பல இடங்களில் 40 நாள் வரை நீளும் அத்துக்கத்தின் முடிவில் மற்ற வீடுகளின் மூத்தோர் கூடி உணவிட்டு, வண்ணப் புடவையும் வளையலும் தந்து துக்கத்தை நிறைவு செய்வது ஆகியன இம்மரபின் கூறுகள். விவரங்கள் ஊருக்கு ஊர் மாறுபடும். எனினும் இதன் அமைப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. துக்கத்துக்கு ஒரு தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. துக்கத்திலிருப்பவர் அந்நாள்களில் சம்பாதிக்க வேண்டியதில்லை, மற்றவர் சோறிடுவர். அவரைத் துக்கத்திலிருந்து வெளியே அழைத்துவரும் பொறுப்பு அவருடையதன்று, சமூகத்தினுடையது. அதன்பின் அவர் வேறொரு குருவின்கீழ் சேர்க்கப்படுவதால், அனாதையாக விடப்படுவதுமில்லை. இழப்பில் துணைநிற்பது எப்படி என்று இன்றைய உளநல வல்லுநர்கள் கற்பிப்பவற்றுள் பெரும்பகுதியை, எழுதப்படாத சட்டமாக ஜமாத் நடைமுறையில் வைத்திருந்தது.

இந்தத் துக்க மரபின்மீது அரசு நேரடியாகக் கைவைத்த காலம் ஒன்றுண்டு. 1871இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த குற்றப் பழங்குடியினர் சட்டத்தின் இரண்டாம் பகுதி, வட இந்தியாவில் ஹிஜ்ரா எனப்படும் திருநங்கையர் சமூகத்தினரைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணிக்க வழிசெய்தது. அவ்வாறு பதிவு செய்யப்பட்டவர் பெண்ணுடையில் பொது இடத்தில் தோன்றுவதும் ஆடுவதும் பாடுவதும் தண்டனைக்குரியதாயின. அவர் ஒரு சிறுவருக்குப் பாதுகாவலராக இருக்கவும், தானம் வழங்கவும், உயில் எழுதவும், மகனைத் தத்தெடுக்கவும் முடியாது என்றும் அச்சட்டம் விதித்தது. உயிலும் தத்தும் மறுக்கப்பட்டதன் பொருள், குருவின் உடைமை சேலாவுக்குச் சேராது, குருவின் வரிசை அவரோடு அற்றுப்போக வேண்டும் என்பதே. சென்னை மாகாணம் தொடக்கத்தில் அச்சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை. ஆனாலும் ஜமாத் உறவுகள் மாகாண எல்லைகளுக்குக் கட்டுப்பட்டவையல்ல. பிற்காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து மும்பைக்கும் தில்லிக்கும் ரயிலேறிச் சென்று குருக்களிடம் சேர்ந்து திரும்பிய திருநங்கையர், இறப்பையும் இறுதிச்சடங்கையும் வெளியார் கண்ணில் படாமல் முடிக்கும் எச்சரிக்கையையும் உடன் கொண்டுவந்தனர். அந்த மறைவே பின்னாளில் அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. திருநங்கையின் சடலத்தை நள்ளிரவில் செருப்பால் அடித்துப் புதைப்பர் என்னும் வதந்தி நாடெங்கும் பரவி, செய்தித்தாள்களிலும் இடம்பெற்றது. திருநங்கைச் செயற்பாட்டாளர்கள் இதைப் பலமுறை பொதுவெளியில் மறுத்துள்ளனர். அவரவர் சமய வழக்கப்படியே அடக்கமோ எரியூட்டலோ நடைபெறுகிறது. ஒரு சமூகம் தன் தாயைப் புதைக்கும் நேரத்தைக்கூட வேடிக்கைக் கதையாக்கிய கொடுமை, அச்சமூகத்தின் மீது இழைக்கப்பட்ட அநீதிகளுள் சிறியதன்று.

மறைவாக நிகழ்ந்த இத்துக்கத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை வெட்டவெளியில் இடம் கிடைத்தது கூவாகத்தில். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள அவ்வூரின் கூத்தாண்டவர் கோயிலில், சித்திரை மாதத்தில் 18 நாள் நடைபெறும் திருவிழாவுக்கு வடசென்னையிலிருந்தும் திருநங்கையர் குழுக்குழுவாகச் செல்கின்றனர். பாரதப் போரில் வெற்றிக்காகப் பலியாக ஒப்பிய அரவானை மோகினி வடிவில் கண்ணன் மணந்த கதையை ஒட்டி, கோயில் பூசாரியின் கையால் அவர்கள் தாலி கட்டிக்கொள்கின்றனர். வேண்டுதலின் பேரில் அப்பகுதிக் கிராமத்து ஆண்களும் தாலி கட்டிக்கொள்வதுண்டு. மறுநாள் தேர் வலம் வந்து, அழுகளம் எனப்படும் இடத்தை அடைந்து, அரவானின் பலி நிகழ்ந்ததாகக் கொள்ளப்பட்டதும் ஒப்பாரி வெடிக்கிறது. வட்டமாக அமர்ந்து, தலைவிரி கோலமாக, ஒருவர் தோளை ஒருவர் பற்றி மாரடித்து அழுகின்றனர். மஞ்சள் துண்டு கோத்த கயிறு பூசாரியின் அரிவாளால் அறுக்கப்பட்டுக் குவியலில் விழுகிறது. முதல்நாள் கைநிறைய அடுக்கிய கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று மோதி உடைக்கப்படுகின்றன. பின்னர் நீரில் மூழ்கி எழுந்து வெள்ளைப் புடவையில் ஊர் திரும்புகின்றனர். அங்கே அழும் அழுகை அரவானுக்காக மட்டும் அன்று என்பதைத் திருநங்கையர் பலர் கூறிவந்துள்ளனர். பெற்ற தாயின் சாவுக்கு வர அனுமதிக்கப்படாதவர், வாசல்வரை சென்று துரத்தப்பட்டவர், கொலையுண்ட தோழியின் உடலைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாதவர் எனத் தத்தம் ஊரில் அழ இடமில்லாதவர்கள் அழுது தீர்க்கும் களமாக அது விளங்குகிறது. பத்திரிகைகள் ஆண்டுதோறும் அதே விழாவின் அழகிப் போட்டிக்குத் தரும் பக்கங்களில் ஒரு பகுதியையேனும் இந்த அழுகைக்குத் தந்திருக்கலாம்.

ஆண்டுக்கு ஒருநாள் அழுகை போதாத காலமும் வந்தது. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். அதற்கடுத்த ஆண்டுகளில் பாலியல் தொழிலைத் தவிர வேறு வழியில்லாதிருந்த திருநங்கையர் பலர் நோய்க்கு இலக்காயினர். அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட சில இடங்களில் தொடங்கும்வரை, நோயறிவதற்கும் சாவுக்கும் நடுவே பெரும்பாலோருக்கு மருந்தென எதுவும் இருக்கவில்லை. வடசென்னையின் ஏழைகள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று அழைத்துவந்த ஸ்டான்லி மருத்துவமனைக்கும், நகரின் மறுகோடியிலிருந்த தாம்பரம் சானடோரியத்துக்கும் நோயாளியைத் தூக்கிச் சென்றவர்களும், படுக்கையருகே இருந்து உடல் துடைத்தவர்களும், பிணவறை வாசலில் காத்திருந்தவர்களும் குருபாய்களும் மகள்களுமே. ஜமாத்தின் துக்க மரபு, ஒரு வீட்டில் எப்போதோ ஒரு சாவு நிகழும் என்ற கணக்கில் அமைந்தது. ஒரு துக்கம் முடியுமுன் அடுத்த சாவு வந்தபோது, வெள்ளைப் புடவையைக் களைய நாளில்லை, வேலைக்குச் செல்லாமல் இருக்க வழியுமில்லை. 1998இல் சென்னையில் தொடங்கப்பட்ட சகோதரன் போன்ற அமைப்புகளும், தமிழ்நாடு அரவாணிகள் சங்கமும் இக்காலத்தில்தான் வேரூன்றின. நோய்த்தடுப்புக்கென வந்த நிதியில் நடைபெற்ற இவ்வமைப்புகளின் சிறிய அலுவலகங்கள், ஆணுறை வழங்கும் இடமாக மட்டுமன்றி, இறந்தவரைப் பற்றிப் பேசி அழும் இடமாகவும் பயன்பட்டன. அந்த நிதியின் கணக்குப் புத்தகத்தில் துக்கத்துக்கென ஒரு தலைப்பு இருந்ததில்லை.

2004 டிசம்பர் 26 அன்று காலை ஆழிப்பேரலை காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்க் கரையோரத்தைத் தாக்கியது. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேரும், அவர்களுள் சென்னையில் மட்டும் 200க்கு மேற்பட்டோரும் மாண்டனர். ஆண், பெண், குழந்தை என்று கணக்கெடுத்த பட்டியல்களில், அன்று அரவாணிகள் என அழைக்கப்பட்ட திருநங்கையருக்கு இடம் இருக்கவில்லை. தமிழ்நாட்டுக் கடலோரத்தில் பேரழிவின் பாலினத் தாக்கத்தை ஆராய்ந்த சமன் பிஞ்சா, அவர்களுடைய இறப்பும் இழப்பும் பதிவாகாமல் போனதையும், குடும்ப அட்டை இல்லாததால் நிவாரணம் எட்டாமல் போனதையும் 2008இல் வெளியான ஆய்வில் விரிவாக எழுதியுள்ளார். வீடிழந்த மீனவக் குடும்பங்கள் தற்காலிகக் கொட்டகைகளுக்கும் பின்னர் எர்ணாவூர்ச் சுனாமிக் குடியிருப்புக்கும் பெயர்ந்தபோது, குடும்ப அட்டையில் பெயரில்லாத ஒருவர் எந்தக் குடும்பத்தோடு செல்வது என்ற கேள்விக்கு விடையில்லை. அரசின் ஏட்டில் உயிரோடு இல்லாதிருந்தவருக்குச் சாவும் மறுக்கப்பட்டது என்று கூறினால் அது மிகையாகாது. 2008இல் தமிழ்நாடு அரசு இந்தியாவிலேயே முதன்முறையாகத் திருநங்கையர் நல வாரியத்தை அமைத்து, குடும்ப அட்டையும் அடையாள அட்டையும் வழங்கத் தொடங்கியது. வாரியம் அமைந்த ஏப்ரல் 15, பின்னர் திருநங்கையர் தினமாக அறிவிக்கப்பட்டது. அட்டையின் பயனை உதவித்தொகையைக் கொண்டே பலரும் அளக்கின்றனர். தாம் தேர்ந்த பெயரில் ஓர் இறப்புச் சான்றிதழ் எழுதப்படுவதற்கும் அதுவே அடிப்படை என்பது அதற்கு இணையான பயனாகும்.

எனினும் அட்டை வந்தபின்னும் பிணவறை வாசலில் நிலைமை முழுவதும் மாறவில்லை. மருத்துவமனையில் இறந்த உடலைப் பெற, பெறுபவர் இறந்தவருக்கு என்ன உறவு என்று எழுத வேண்டும். சாவு இயற்கையானதன்று எனில் காவல்துறை விசாரணையும் உடற்கூறாய்வும் முடிந்து, உறவினரிடம் கையெழுத்து வாங்கியே உடல் ஒப்படைக்கப்படும். இருபது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, நோயில் பார்த்துக்கொண்ட குரு அந்தக் கட்டத்தில் எழுதத்தக்க சொல் எதுவும் சட்டத்தில் இல்லை. தகவல் அனுப்பப்பட்டுப் பிறந்த வீட்டார் வந்துசேரும்போது, கூந்தல் வெட்டப்பட்டு, வேட்டி சட்டை உடுத்தப்பட்டு, எந்தப் பெயரை உதறி வீட்டைவிட்டு வந்தாரோ அந்தப் பெயரிலேயே அவர் எரியூட்டப்படுவது நிகழ்வதுண்டு. பெற்ற தாயின் துக்கம் பொய்யன்று. ஆண்டுக்கணக்கில் மகனைத் தேடிய தாய்மார்களும் அவர்களுள் உண்டு. ஆனால் அந்தத் துக்கத்துக்குச் சட்டம் வழிவிடும்போது, மகளை இழந்த மற்றொரு தாயைக் கூட்டத்தின் ஓரத்தில் நிறுத்துகிறது. ஊர் ஏற்காத இத்தகைய துக்கத்தை அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல் ‘உரிமை மறுக்கப்பட்ட துக்கம்’ என்ற பொருளில் வரையறுத்தார். இழப்பு உண்டு, ஆனால் இழந்தவர் என்னும் தகுதியை ஊர் தருவதில்லை என்பதே அதன் சாரம். அத்தகுதி இல்லாதவரை எவரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. வேலைக்கு விடுப்பும் இல்லை. வாடகைக்குத் தவணையும் இல்லை. துக்கம் உள்ளுக்குள் புரையோடி, உயிருக்கே ஆபத்தாகவும் மாறுகிறது.

சுடுகாட்டு வழக்கத்திலும் இதே நெருக்கடி உண்டு. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவதும், மகனோ ஆண் உறவினரோ தோளில் குடம் சுமந்து உடைத்துக் கொள்ளி வைப்பதும் பெரும்பாலான தமிழ்ச் சாதிகளின் வழக்கம். திருநங்கை மகள், பெண் என்பதால் நிற்க வேண்டும். தோள் கொடுக்க வேறு எவரும் இல்லாததால் செல்ல வேண்டும். 1938-39 இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டு உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் அடக்கமான மூலக்கொத்தளம் இடுகாடு உள்ளிட்ட வடசென்னை மயானங்கள், உறவால் மட்டுமன்றிக் கொள்கையாலும் தோழமையாலும் பிணைந்தோர் ஒருவரையொருவர் சுமந்துவந்த வரலாற்றைக் கொண்டவை. திருநங்கை மகள்கள் தாயைச் சுமந்து வருவதும் அவ்வரலாற்றின் தொடர்ச்சியாகவே எழுதப்பட வேண்டும்.

உலகின் வேறு பகுதிகளிலும் துக்கத்தைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்த பிறகே இச்சமூகத்தின் இறப்புகள் எண்ணப்படலாயின. 1998 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கொல்லப்பட்ட ரீட்டா ஹெஸ்டரின் நினைவாக, க்வெண்டலின் ஆன் ஸ்மித் என்னும் திருநங்கை மறு ஆண்டு தொடங்கிய நினைவேந்தல், இன்று நவம்பர் 20ஆம் நாளில் பல நாடுகளில் கடைப்பிடிக்கப்படுகிறது. கொல்லப்பட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பதே அதன் மையச் சடங்கு. இரவு முழுவதும் இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பாடும் வடசென்னைக்கு அது அந்நியமானதன்று.

சட்டம் இத்துயரத்தின் ஒரு பாதியை மட்டுமே இதுவரை கண்டுள்ளது. குருவின் சொத்து சேலாவுக்கும், சேலாவின் சொத்து குருவுக்கும் சேரும் வழக்காற்றை 1990இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றமும், 2016இல் இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றமும் ஏற்றுத் தீர்ப்பளித்தன. அதாவது, விட்டுச்சென்ற வீட்டையும் நகையையும் பெறும் வாரிசாக நீதிமன்றம் ஏற்ற அதே குருவால், உடலைப் பெறும் உறவினராக மருத்துவமனையில் நிற்க முடிவதில்லை. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், குடும்பம் என்பதை ரத்தத்தாலோ திருமணத்தாலோ சட்டப்படியான தத்தாலோ இணைந்தோர் என்றே வரையறுத்தது. 2024 ஆகஸ்டில் மத்தியச் சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதம், நெருங்கிய உறவினர் இல்லாதபோது இறந்தவரின் வாழ்க்கைத் துணை உடலைக் கோர வழிசெய்யுமாறு கேட்டுக்கொண்டது. அதில் துணைக்கு இடமுண்டு, குருவுக்கும் மகளுக்கும் இல்லை. 2025 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், திருமணம் மட்டுமே குடும்பத்தை உருவாக்கும் வழியன்று என்றும், தாமே தேர்ந்துகொண்ட குடும்பம் ஏற்கத்தக்கது என்றும் கூறியது. நல வாரியத்தை முதலில் அமைத்த மாநிலம் இத்தீர்ப்பைப் பிணவறை வரை கொண்டுசெல்ல முடியும். மருத்துவமனைப் படிவத்தின் உறவுக் கட்டத்தில் குரு, மகள் என்னும் இரு சொற்களைச் சேர்க்கவும், இறந்தவர் உயிரோடிருக்கும்போதே தம் இறுதிச்சடங்குக்குரியவர் இன்னார் என எழுதிவைத்தால் அதை மதிக்கவும் தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறை ஓர் அரசாணை வெளியிட வேண்டும்.